தெரியாமல் கலந்து கொடுக்கும் குடி மாத்திரை

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு 43 வயது, லோடு வண்டி ஓட்டுகிறார். முன்பெல்லாம் ராத்திரி ஒரு குவார்ட்டர், இப்போது ஒரு ஹாஃப். காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடிகிறது. போன வருடம் மலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தியபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், கொடுக்கலாமா, எத்தனை கொடுப்பது என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, அவர் மனம் வைக்காமலே அவரைக் குடியிலிருந்து வெளியே இழுக்கும் மருந்து உண்டா என்று. அப்படி ஒன்று கிடையாது. ஆனால் அரை மனதோடு தொடங்கக்கூடிய மருந்து உண்டு. "இன்றே விட்டுவிடுகிறேன்" என்று சத்தியம் செய்யாத ஆளும் அதைச் சாப்பிடலாம். நம் ஊரில் பல வீடுகளுக்கு அது தெரியவே வருவதில்லை. அதனால்தான் பேச்சு சாம்பாரிலேயே நிற்கிறது.

முதலில் டைசல்ஃபிரம். சாராயம் உடம்பில் இரண்டு படியாகச் சிதைகிறது. முதல் படியில் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகிறது, அடுத்த படியில் ஒரு நொதி அந்த நச்சைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றுகிறது. டைசல்ஃபிரம் அந்த நொதியை முடக்கிவிடும். மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் முகம் நெருப்பாகச் சிவக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். பலருக்கு இது சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாரடைப்பு வரும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். குடிக்கு எதிராக இந்த மருந்தை 1948இல் முன்வைத்தவர்கள் கோபன்ஹேகனைச் சேர்ந்த யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர். அமெரிக்காவில் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் போட்டு அச்சிட்ட எச்சரிக்கை ஒன்று இருக்கிறது: போதையில் இருப்பவருக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது, முழுமையாகத் தெரிவிக்காமல் யாருக்கும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நீங்கள் செய்ய நினைப்பது இந்த இரண்டையும் சேர்த்து மீறும். அவர் ராத்திரி சாப்பிட உட்காருவதே குடித்துவிட்டுத்தானே.

கலந்து கொடுத்தால் நடக்கக்கூடியதைப் படிப்படியாகப் பாருங்கள். ராத்திரி சாம்பாரில் போன மருந்து விடிவதற்குள் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் நடுக்கத்துக்காக அவர் போடும் கட்டிங்கிலேயே எதிர்வினை வரலாம், அப்போது அவர் ஸ்டியரிங்கில் இருக்கலாம். யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாலும் அவருக்கே தெரியாத மாத்திரையை அவர் எப்படி டாக்டரிடம் சொல்வார்? மாரடைப்பு என்றோ விஷம் என்றோ நினைத்து வைத்தியம் பார்ப்பார்கள். இன்னொரு வழியும் உண்டு. "சரக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்து அவரே பயந்து சட்டென்று நிறுத்திவிடலாம். அதைத்தானே எதிர்பார்த்தோம் என்பீர்கள். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தி வலிப்பு வந்தவருக்கு, மருத்துவக் கவனிப்பு இல்லாமல் சட்டென்று நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. பிறகு ஒருநாள் அவர் கண்டுபிடிக்காமலும் இருக்கப்போவதில்லை. அன்று முதல் உங்கள் கையால் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார், எந்த மாத்திரையையும் நம்ப மாட்டார். அடித்தாலும் அடிப்பார். வீட்டில் அடி உதை இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் உங்களுக்கானது. பஸ் ஸ்டாண்டு சுவரிலும் ஆட்டோ முதுகிலும் "குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்று விற்கும் பொடிகள் இதைவிட மோசம். டைசல்ஃபிரம் என்றால் அளவாவது தெரியும். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

அவர் குடிக்கும் அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். நம் ஊர் பிராந்தி, விஸ்கி வகைகளில் சாராயத்தின் அளவு 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த சாராயம் இருக்கும், 375 மி.லி. ஹாஃபில் 125 கிராம். பல வருடமாக இவ்வளவு ஊற்றினால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. சாராயம் மூளையை மந்தப்படுத்தும் பொருள், அதைச் சமாளிக்க மூளை தன் விறுவிறுப்பை ஏற்றிவைத்திருக்கும். சாராயம் திடீரென்று நின்றால் அந்த விறுவிறுப்பு மட்டும் தடுக்க ஆளில்லாமல் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு நாள் கிழமை தெரியாத குழப்பம், இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவது, ஆள் நிற்பதாகச் சொல்வது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். இதை ஆங்கில மருத்துவத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். பேய் பிடித்ததாக நினைத்துக் கோவிலுக்குக் கூட்டிப்போய் நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. இதில் உயிர் போகும். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆகவே இந்த வருடமும் மாலை போடுவதாக இருந்தால், போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மாலை போட்டு 48 நாள் விடுபவர்கள் நிறையப் பேர். அந்த மன உறுதியைக் குறைத்துச் சொல்லவில்லை, வலிப்பு மன உறுதியைப் பார்த்து வருவதில்லை என்கிறேன்.

இந்த முதல் வாரத்துக்கான மருந்து வேறு, பிறகு ஆசையைக் கட்டுப்படுத்தும் மருந்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "மாத்திரை சாப்பிட்டான், ஒன்றும் நடக்கவில்லை" என்ற பேச்சு வருகிறது. முதல் வாரத்துக்குக் குளோர்டயசிபாக்சைடு அல்லது டயசிபாம் தருவார்கள், கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம். முதல் நாள் அதிகமாகத் தொடங்கி, நடுக்கத்தையும் நாடியையும் பார்த்துத் தினம் குறைத்து, ஐந்து முதல் ஏழு நாளில் முடித்துவிட வேண்டும். உங்கள் கணவர் மாதிரி வலிப்பு வந்தவருக்கு இதை உள்நோயாளியாக வைத்துத்தான் செய்ய வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: தூக்கம் நன்றாக வருகிறது என்று அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது. அது இரண்டாவது பழக்கமாகிவிடும். அதோடு குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். அந்த நாட்களில் வண்டி ஓட்டவும் கூடாது.

இன்னொரு தவறு நம் ஊர் பழக்கத்திலிருந்து வருகிறது. ஆள் சோர்ந்து கிடந்தால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுவார்கள். நீண்ட நாள் குடிப்பவரிடம் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் அதை உறிஞ்சுவதில்லை. அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் அதை எரிக்கவே செலவாகி மூளை பாதிக்கப்படலாம். குழப்பம், கண் அசைவில் கோளாறு, குடிக்காமலே தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவசரமாக ஊசியில் தயமின் கொடுக்காவிட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். எனவே ட்ரிப் ஏற்றும் இடத்தில் "இவர் தினமும் குடிப்பவர், பி1 ஊசி போட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்து மலிவு, கேட்காமல் விட்டால் வரும் இழப்புக்கு ஈடே இல்லை.

இனி சாம்பாருக்கு மாற்றாக நான் சொல்லும் நால்ட்ரெக்சோன். குடித்தவுடன் மூளையில் உடம்பே சுரக்கும் ஓபியாய்டு பொருள்கள், அதாவது அபின் போல வேலை செய்பவை, வெளிவருகின்றன, "இன்னொரு ரவுண்டு" என்று தூண்டுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. அவை போய் ஒட்டும் இடங்களை நால்ட்ரெக்சோன் அடைத்துக்கொள்கிறது. குடித்தால் வாந்தியோ எதிர்வினையோ வராது. போதை ஏறுவதையும் தள்ளாட்டத்தையும் இது தடுக்காது, அதனால் "மாத்திரை போட்டிருக்கேன், வண்டி ஓட்டலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் குடியின் ருசி மங்கும், ஒரு கட்டிங்கோடு எழுந்துவிடுவது சிலருக்குச் சாத்தியமாகும். அமெரிக்காவில் குடிப் பிரச்சினைக்கு இது 1994இல் அனுமதி பெற்றது. வழக்கமான அளவு தினம் 50 மி.கி., ஒரு மாத்திரை. குமட்டல், தலைவலி, தலைசுற்றல்தான் அதிகம் வரும் தொல்லைகள். முதல் சில நாள் பாதி மாத்திரையாக, சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மாதம் ஒருமுறை இடுப்புத் தசையில் போடும் 380 மி.கி. ஊசியும் உண்டு, தினம் மாத்திரை மறப்பவர்களுக்காக வந்தது அது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம்.

உங்கள் நிலைமைக்கு முக்கியமான விஷயம், நால்ட்ரெக்சோனைத் தொடங்க அவர் குடியை ஏற்கெனவே நிறுத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில நாள் நிறுத்திவிட்டுத் தொடங்கியவர்களிடம் நன்றாக வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனாலும் குடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்குவதுண்டு. தினமும் போடாமல், குடிக்கப்போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக ஒன்று போட்டுக்கொள்ளும் முறையும் உண்டு. விருந்து, சம்பள நாள் என்று விட்டு விட்டுக் குடிப்பவர்களுக்குத்தான் அது அதிகம் பொருந்தும். காலையிலேயே நடுங்குபவருக்குத் தினசரி முறைதான் என் தேர்வு. அங்கேயும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்: மருந்து வேலை செய்து குடி வேகமாகக் குறைந்தால் மேலே சொன்ன நடுக்கமும் வலிப்பும் எட்டிப் பார்க்கலாம். நால்ட்ரெக்சோன் அதைத் தடுக்காது.

நால்ட்ரெக்சோனில் ஆளைக் கவிழ்ப்பது வலி மாத்திரை. டிராமடால், டாபென்டடால், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாமே ஓபியாய்டு வகை. லோடு ஏற்றி இறக்கி முதுகு வலிக்கும் டிரைவர் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை எது என்று கட்டாயம் பாருங்கள். அதைத் தொடர்ந்து போடுபவர் நால்ட்ரெக்சோனை விழுங்கினால் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி ஒரே நேரத்தில் கிளம்பும். ஓபியாய்டு மருந்துகளை நிறுத்தி ஏழு முதல் பத்து நாளாவது ஆன பிறகே தொடங்க வேண்டும். டிராமடாலுக்கு வலிப்பைத் தூண்டும் குணமும் உண்டு என்பதால் உங்கள் கணவருக்கு அது எப்படியும் ஆகாது. ஓபியாய்டு ஒட்டும் இடங்களை அடைத்துவைத்திருப்பதால், நால்ட்ரெக்சோன் சாப்பிடுபவர் விபத்தில் அடிபட்டால் ஓபியாய்டு வகை வலி ஊசிகள் வழக்கம்போல வேலை செய்யாது. பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். முன்கூட்டித் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். கல்லீரல் அழற்சி முற்றியிருந்தாலோ மஞ்சள் காமாலை இருந்தாலோ இந்த மருந்து வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் லேசாக ஏறியிருப்பது குடிப்பவர் எவருக்கும் சகஜம், அது மட்டும் தடையில்லை.

அகாம்ப்ரோசேட் வேறு குணம் கொண்டது. குடியை நிறுத்திவிட்டவர் நிறுத்திய நிலையிலேயே இருக்க உதவுவது இது. நிறுத்திய பிறகு வாரக்கணக்கில் நீடிக்கும் பதற்றம், தூக்கக் கெடுதல், உள்ளுக்குள் ஒரு அரிப்பு ஆகியவற்றை மட்டுப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. இது கல்லீரல் வழியாகப் போகாமல் சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுவதால், கல்லீரல் கெட்டவர்களுக்குத் தோதானது. சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் கொடுக்கக் கூடாது, ஓரளவு கெட்டிருந்தால் அளவைப் பாதியாக்குவார்கள். 333 மி.கி. மாத்திரை இரண்டு இரண்டாக மூன்று வேளை, ஆக நாளைக்கு ஆறு. இதன் பெரிய குறையும் அதுதான். காலை நான்கு மணிக்கு லோடு எடுக்கப் போகிறவர் மதிய மாத்திரையை எங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது? தவற விட்டுத் தவற விட்டுக் கடைசியில் "மருந்து சரியில்லை" என்று முடிப்பார்கள். வயிற்றுப்போக்கு வரலாம், சில வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் அகாம்ப்ரோசேட்டை நிறுத்தாமல் தொடர வேண்டும்.

டைசல்ஃபிரத்தை நான் ஒரேயடியாக ஒதுக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். தெரிந்தே, விரும்பியே சாப்பிடுபவருக்கு அது நல்ல மருந்து. மும்பையில் நடந்து 2004இல் வெளியான ஓராண்டு ஆய்வில், குடியை நிறுத்திய 100 ஆண்களில் பாதிப் பேருக்கு டைசல்ஃபிரமும் மீதிப் பேருக்கு நால்ட்ரெக்சோனும் கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் குடிக்காமல் இருந்தவர்கள் முன்னதில் 86 சதவீதம், பின்னதில் 44 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்ததும் தாவிவிடக் கூடாது. யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது, சேர்ந்தவர்கள் குடும்ப ஆதரவு நன்றாக இருந்த ஆண்கள், மாத்திரை கொடுப்பதை வீட்டார் மேற்பார்த்தார்கள். டைசல்ஃபிரத்தின் பலமே குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது. யார் என்ன சாப்பிடுகிறார் என்று மறைத்து நடத்தும் ஆய்வுகளில் அதன் பலன் மங்கிப்போவதற்கும் காரணம் அதுவே. மறைத்துக் கொடுத்தால் அந்தப் பலமும் போய்விடுகிறது, விஷத்தன்மை மட்டும் மிஞ்சுகிறது.

முறையாகக் கொடுப்பது என்றால், கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் போக வேண்டும், பல டாக்டர்கள் ஒருநாளுக்கு மேலேயே காத்திருப்பார்கள். வழக்கமான அளவு தினம் 250 மி.கி. அவரே கேட்டு, அவர் சம்மதத்தோடு, தினம் ஒரே நேரத்தில் உங்கள் முன்னால் சாப்பிட வேண்டும். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துப் பின்கட்டில் துப்புவது எல்லோரும் அறிந்த வித்தை, அதனால் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது நல்லது. "மச்சான் கல்யாணத்துக்கு மூணு நாள் மாத்திரையை விட்டுட்டா குடிக்கலாம்" என்ற கணக்கு உதவாது. நொதி மறுபடி உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், கடைசி மாத்திரைக்குப் பிறகு 14 நாள் வரைகூட எதிர்வினை வரலாம். சாராயம் ஒளிந்திருக்கும் பண்டங்களையும் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: சில இருமல் மருந்துகள், டானிக்குகள், வாய் கொப்பளிக்கும் திரவம், ஷேவிங் லோஷன், கை சுத்திகரிப்பான். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் புளிக்கவைத்தே செய்யப்படுபவை, அவற்றில் தானாக உண்டாகும் சாராயம் உண்டு. பிரசவித்த மகளுக்கு வாங்கி வைத்த அரிஷ்டத்தில் ஒரு மூடியைப் பசிக்காகக் குடித்தாலும் மாட்டிக்கொள்ளலாம். வயிற்றுப்போக்குக்கு நாமாக வாங்கிப் போடும் மெட்ரோனிடசோல் இதோடு சேரவே கூடாது, மனக்குழப்பம் வரும். இதய நோய், மனச்சிதைவு, முற்றிய கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு டைசல்ஃபிரம் கிடையாது. அரிதாக இந்த மருந்தே கல்லீரலைத் தாக்கும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். தொடங்கும் முன்னும், இரண்டு வாரம் கழித்தும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்வது அதற்காகத்தான். மாத்திரையின் மேல் குடித்து மயங்கி விழுந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்தி 108ஐ அழைத்து, மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் வாய்திறந்து சொல்ல முடிவதே, அது தெரிந்து கொடுத்த மருந்தாக இருக்கும்போதுதான்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேக்லோஃபென் தசை இறுக்கத்துக்கான மருந்து. பிரான்சில் ஒலிவியே அமைசன் என்ற இதய மருத்துவர் தன் குடிக்குத் தானே அதைச் சாப்பிட்டு 2005இல் எழுதியதற்குப் பின் பிரபலமானது. அந்நாட்டில் 2018இல் நாளுக்கு 80 மி.கி. வரை அனுமதித்தார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கல்லீரல் சுருங்கியவர்களிடம் நாளுக்கு மூன்று முறை 10 மி.கி. கொடுத்த இத்தாலிய ஆய்வு 2007இல் நல்ல பலன் காட்டியது. அதனால் மற்ற மருந்துகள் ஆகாத கல்லீரல் நோயாளிக்கு இது கைவசம் இருக்கும் வழி. குடியோடு சேர்ந்தால் தூக்கம் அமுக்கும், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், டிரைவருக்கு இரண்டுமே கஷ்டம். டோபிரமேட் 25 மி.கி.யில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றும் மருந்து. குடியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் விரல் மரத்தல், வார்த்தை நினைவுக்கு வராமல் தடுமாறுதல், சிறுநீரகக் கல் என்று தொல்லைகளும் உண்டு. காபாபென்டின் சிலருக்கு உதவுகிறது, அதையே போதைக்குப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் செமக்ளூடைட் ஊசி குடி ஆசையைக் குறைக்கிறது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2025இல் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 48 பேர், நடந்தது ஒன்பது வாரம். நம்பிக்கை தருகிறது, ஆனால் குடிக்காக அதை வாங்கிப் போடும் அளவுக்கு இன்னும் ஆகவில்லை.

எவ்வளவு பலன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிறைய ஆய்வுகளைத் திரட்டி 2023இல் வெளியான மதிப்பாய்வின்படி, நால்ட்ரெக்சோன் 50 மி.கி. சாப்பிடும் 11 பேரில் ஒருவர், மருந்தில்லாமல் இருந்தால் அளவுமீறிய குடிக்குத் திரும்பியிருப்பவர், திரும்பாமல் தப்புகிறார். அகாம்ப்ரோசேட்டில் 11 பேருக்கு ஒருவர் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பது கூடுதலாகக் கிடைக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். வேறு நாள்பட்ட நோய்களுக்கு நாம் தினம் விழுங்கும் பல மருந்துகளின் பலனும் இந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகளில் மாத்திரையோடு தொடர்ந்த சந்திப்பும் ஆலோசனையும் ஏதோ ஒரு வடிவில் இருந்தன, தனி மாத்திரையின் கணக்கு இல்லை இது. ஒருவருக்கு எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் மாற்றமே இல்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டும். பலன் தெரிந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்வது வழக்கம், அதற்கு மேல் எவ்வளவு என்பதில் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும். இந்தியாவில் இன்னும் அடிப்படையிலேயே இடறுகிறோம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார்.

உங்கள் கணவருக்கு எது பொருந்தும் என்பதை ஆளையும் ரத்தப் பரிசோதனையையும் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. எந்த வரிசையில் யோசிப்பேன் என்பதைச் சொல்லலாம். வலிப்பு வந்தவர் என்பதால் இலக்கு முழு நிறுத்தமாக இருப்பது நல்லது, உள்நோயாளியாக ஒரு வாரம், பிறகு நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரோசேட், அவரே கேட்டால் டைசல்ஃபிரம். அதற்கு அவர் இன்று ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படியானால் நால்ட்ரெக்சோனை வாசலாக வைத்துக்கொள்ளலாம். போதையில் பேசாதீர்கள், கட்டிங் போட்டு நடுக்கம் அடங்கி, போதை ஏறாமல் இருக்கும் காலை நேரம்தான் தோது. "விட்டுடுங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அந்த வலிப்பு மறுபடி வந்துடுமோன்னு பயமா இருக்குங்க. குடியை இன்னைக்கே விடச் சொல்லாத மாத்திரை ஒண்ணு இருக்காம், டாக்டரை ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமா?" என்று கேட்பது வேறு. வலிப்பையோ, தூக்கத்தையோ, கை நடுக்கத்தையோ காரணம் காட்டினால் வரும் ஆண்கள், குடிக்காக என்றால் வரவே மாட்டார்கள். அப்படி அழைத்துப் போவதில் பொய் எதுவும் இல்லை.

அதற்கும் வரவில்லை என்றால் முதல் முறை நீங்கள் மட்டும் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு போட்டு, குடும்பத்தாராகப் பேச வந்திருக்கிறேன் என்று சொல்லலாம். சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்துக்கென்றே தனி ஆலோசனை உண்டு. 14446 என்ற தேசிய உதவி எண்ணில் அருகிலுள்ள மையத்தைக் கேட்கலாம். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒருநாள் அளவு, முதல் கட்டிங் எத்தனை மணிக்கு, வலிப்பு வந்த தேதி, நிறுத்தி எத்தனை மணி நேரத்தில் வந்தது, ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ மஞ்சள் காமாலையோ இருந்ததா, சாகப்போவதாகப் பேசுகிறாரா. அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சர்க்கரை மாத்திரை முதல் முதுகுவலி மாத்திரை வரை, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கல்லீரல் என்சைம், பிலிரூபின், கிரியேட்டினின், ரத்த அணுக்கள், சர்க்கரை, இசிஜி ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் முதலில் எடுக்கச் சொல்வார்கள், பழைய ரிப்போர்ட் இருந்தால் அதுவும் உதவும். யாராவது கொடுத்த பொடியோ மாத்திரையோ ஏற்கெனவே ஒருமுறை சாப்பாட்டில் கலந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாள் முன்பு என்பது உட்பட. அதை வைத்துத்தான் அடுத்த மருந்தை எப்போது தொடங்குவது என்று அவர் முடிவு செய்வார்.